கண்ணாடித் துளிக்குள் ஒளியின் முணுமுணுப்பு
நுண் ஒளிமாட உணரிகளும் அவற்றை விளக்கும் தமிழும்

1. தோற்றுவாய்

பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர் வீடுகளில் ஏஆர்டி சோதனைப் பெட்டி ஒரு வீட்டுப் பொருளாகவே இருந்தது. மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கரைசலில் கலந்து, சில துளிகளைப் பட்டையின்மீது விட்டு, கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு கோடு தோன்றினால் ஆறுதல். இரண்டு கோடுகள் தோன்றினால் தனிமை. அந்த இரண்டாம் கோடு எவ்வாறு தோன்றுகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. நச்சுயிரியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்கள் பட்டையில் உள்ளன. அவற்றோடு நுண்ணிய நிறத்துகள்கள் பிணைக்கப்பட்டுள்ளன. பிடிபட்ட புரதங்களோடு நிறத்துகள்களும் ஓரிடத்தில் பெருந்திரளாகக் குவியும்போதுதான் கண்ணுக்குக் கோடு தெரிகிறது. திரள் சிறிதாயின் கோடு தெரியாது. ஆகவே, 'கோடு இல்லை' என்பதன் பொருள் 'கிருமி இல்லை' என்பதன்று. 'கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிடிபடவில்லை' என்பதே.

நிறத்துகளின் துணையில்லாமல், மிகச் சில மூலக்கூறுகள் வந்து ஒட்டியதையும் உடனே தெரிவிக்கும் கருவி உண்டா? உண்டு. மயிரிழை அளவே உள்ள கண்ணாடி உருண்டைக்குள் ஒளியைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றில் நேரும் சிறு மாற்றத்தை அளக்கும் கருவிகள் கடந்த இருபதாண்டுகளுக்கு மேலாக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருகின்றன. இவற்றை இக்கட்டுரையில் 'நுண் ஒளிமாட உணரிகள்' என்று அழைப்போம். அப்பெயரைத் தேர்ந்ததற்கான காரணத்தை உரிய இடத்தில் கூறுவோம்.

நாம் மொழியியல் துறையினர். ஒளிக்கருவிகளை இயக்கிப் பழகியவர் அல்லோம். எனினும், இக்கருவிகளைப் பற்றிய செய்திகளில் ஒரு வினைச்சொல் நம் கவனத்தை ஈர்த்தது. 'ஒற்றை மூலக்கூறையும் கண்டுபிடிக்கும் கருவி' என்று எழுதுகிறார்கள். 'கண்டுபிடித்தல்' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் ஒளிந்துள்ளன. ஏதோ ஒன்று வந்ததை உணர்தல் ஒன்று. வந்தது இன்னதென்று இனங்காணல் இரண்டு. வேறெதுவும் அம்மாற்றத்தைச் செய்யவில்லை என உறுதிசெய்தல் மூன்று. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே இக்கருவியின் ஆற்றலும் எல்லையும் விளங்கும். இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

2. முணுமுணுப்பு மாடம்

இக்கருவியின் வரலாறு ஒளியில் தொடங்கவில்லை, ஒலியில் தொடங்குகிறது. இலண்டன் மாநகரத்துப் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்துக்குள் வட்டமான நடைமாடம் ஒன்று உண்டு. அதன் குறுக்களவு 30 மீட்டருக்கும் மேல். சுவரின் அருகே ஒருவர் மெல்ல முணுமுணுத்தால், எதிர்ப்புறச் சுவரருகே காதை வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். நடுவெளியில் நிற்பவருக்குக் கேட்காது.

குவிமாடத்தின் மேற்பரப்பில் ஒலி பட்டு, எதிரெதிர்ப் புள்ளிகளில் குவிகிறது என்று முதலில் விளக்கம் கூறப்பட்டது. பிரிட்டிஷ் இயற்பியலறிஞர் ரேலி பிரபு இதனை மறுத்தார். எதிர்ப்புறத்தில் மட்டுமன்றிச் சுவரை ஒட்டிய எல்லா இடங்களிலும் முணுமுணுப்புக் கேட்கிறது என்பதை அவர் சுட்டினார். ஒலி வளைந்த சுவரை விட்டு அகலாமல், அதைத் தழுவியவாறே சுற்றிச் செல்கிறது என்பது அவர் விளக்கம். 1910-இல் அவர் இதற்குக் கணித வடிவமும் தந்தார்.

இக்கதையில் தமிழர்க்கு உரிய ஒரு பக்கமும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் இலண்டன் சென்றபோது இதே மாடத்தில் ஆய்வு நிகழ்த்தி, சதர்லாந்து என்பாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னர் பீசப்பூரின் கோல் கும்பஸ் உள்ளிட்ட இந்தியக் குவிமாடங்களிலும் அவர் இவ்வாய்வைத் தொடர்ந்தார். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்ற இராமனை அறிந்த மாணவர், சுவரோரம் காது வைத்துக் கேட்ட இராமனையும் அறிதல் நன்று.

ஒலி செய்வதை ஒளியும் செய்யும். ஒலியைச் சுவர் திருப்பி அனுப்புகிறது. ஒளியையோ, கண்ணாடியின் உட்பரப்பில் நிகழும் முழு அகத்தெதிரொளிப்பு திருப்பி அனுப்புகிறது. கண்ணாடியிலிருந்து காற்றுக்கோ நீருக்கோ போக முயலும் ஒளி, மிகச் சாய்வாகப் பரப்பில் பட்டால் வெளியேற இயலாமல் உள்ளேயே திரும்பும். உருண்டையின் உட்பரப்பை ஒட்டி மீண்டும் மீண்டும் இவ்வாறு திரும்பும் ஒளி, வட்டப்பாதையில் சிறைப்பட்டுச் சுற்றுகிறது.

3. உருகிய இழையின் நுனியில்

இத்தகைய உருண்டையைச் செய்யும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தொலைத்தொடர்புக்குப் பயன்படும் ஒளியிழையின் நுனியை மிகுந்த வெப்பத்தில் உருக்குகிறார்கள். உருகிய கண்ணாடி, பரப்பு இழுவிசையால் தானே உருண்டு திரள்கிறது. இலை நுனியில் பனித்துளி உருள்வதும் அதே விசையால்தான். எந்தக் கைவினைஞரின் கருவியும் படாமல், விசையே செதுக்கிய அந்தப் பரப்பு மிகவும் வழுவழுப்பானது. மேடுபள்ளம் இருந்தால் ஒளி அங்கே சிதறி வெளியேறிவிடும். இல்லாததால் நெடுநேரம் உள்ளேயே சுற்றுகிறது. 1989-இல் மாஸ்கோ அறிவியலாளர் இத்தகைய சிலிக்கா உருண்டைகளின் உயர்ந்த தரத்தை வெளிப்படுத்தினர். 2003-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தார் சில்லின்மீதே கண்ணாடி வளையங்களை உருவாக்கிக் காட்டினர்.

எந்த ஒளியும் இவ்வுருண்டைக்குள் நிலைத்துச் சுற்றிவிடாது. சுற்றுப்பாதையின் நீளத்துக்குள் ஒளியலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். ஒரு சுற்று முடித்துத் திரும்பும் அலை, தொடங்கிய இடத்தில் முகட்டோடு முகடாகப் பொருந்தினால் வலுப்பெறும். பொருந்தாவிடில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 100 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 314 மைக்ரோமீட்டர். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி கண்ணாடிக்குள் சுருங்கிவிடுவதால், அச்சுற்றில் ஏறத்தாழ 584 அலைகள் அடங்கும். 584 என்பது சரியாகப் பொருந்தும் அலைநீளத்தில் மட்டும் ஒளி உள்ளே நிலைக்கும். இந்தப் பொருத்தத்தையே ஒத்ததிர்வு என்கிறோம்.

ஒளியை உள்ளே செலுத்துவதற்கு மிக மெல்லியதாக இழுக்கப்பட்ட ஒளியிழை ஒன்றை உருண்டையின் அருகே வைக்கிறார்கள். இழையில் ஓடும் ஒளியின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போக, பொருந்தும் அலைநீளம் வந்தவுடன் ஒளி உருண்டைக்குள் தாவிவிடும். இழையின் மறுமுனையில் ஒளி குறையும். வரைபடத்தில் அங்கே குறுகிய பள்ளம் ஒன்று தோன்றும். அப்பள்ளம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உருண்டையின் தரம் உயர்ந்தது.

தரத்தை ஓர் எண்ணால் குறிப்பர். அலைநீளத்தைப் பள்ளத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. தர எண் 10 கோடி, அதாவது நூறு மில்லியன், என்று கொண்டால், நாம் எடுத்துக்கொண்ட உருண்டைக்குள் ஒளி தன் ஆற்றலின் பெரும்பகுதியை இழக்குமுன் 25,000 முறைக்கு மேல் சுற்றிவிடும். மயிரிழை அகலமுள்ள உருண்டைக்குள் அது கடக்கும் தொலைவு எட்டு மீட்டருக்கும் மேல். இத்தனைக்கும் ஆகும் நேரம் ஒரு விநாடியின் நூறு கோடிப் பங்கில் 41 பங்கே. நீருக்குள் வைத்து உயிரியல் சோதனை செய்யும்போது இத்தரம் பெரும்பாலும் குறையும். தர எண் 1 கோடியானால் சுற்றுகள் 2,700 ஆகும். அதுவும் சிறிதன்று. உருண்டையின் பரப்பில் ஒட்டிய ஒரு மூலக்கூறை ஒளி ஒரே முறையன்று, ஆயிரக்கணக்கான முறை சந்தித்துச் செல்கிறது. இக்கருவியின் வலிமை இம்மீள்சந்திப்பில்தான் உள்ளது.

4. பளு கூடினால் சுருதி இறங்கும்

மூலக்கூறு வந்து ஒட்டியதை ஒளி எவ்வாறு அறிவிக்கிறது? மிருதங்கக் கலைஞர் ஒருவர் கச்சேரிக்குமுன் செய்வதை நினைவிற் கொள்க. இடப்பக்கத் தோலின் நடுவில் ரவையைக் குழைத்து அப்புகிறார். பளு ஏறியதும் தோல் மெதுவாக அதிர்கிறது. ஒலி தாழ்ந்து கனக்கிறது. சிறிது கூட்டியும் குறைத்தும் வேண்டிய நாதத்தைப் பெறுகிறார். தோலின்மீது எவ்வளவு பொருள் சேர்ந்தது என்பதை ஒலியின் மாற்றமே கூறிவிடும். (மிருதங்கத்தின் அதிர்வுகளையும் இராமன் ஆராய்ந்துள்ளார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.)

கண்ணாடி உருண்டையிலும் இதனையொத்த நிகழ்ச்சியே நடைபெறுகிறது. சிறைப்பட்ட ஒளி முழுவதும் கண்ணாடிக்குள் அடங்கிவிடுவதில்லை. அதன் ஓரம், பரப்புக்கு வெளியே சில நூறு நானோமீட்டர் தொலைவுக்குக் கசிந்து, விரைவாகத் தேய்ந்து மறைகிறது. அந்த மெல்லிய ஒளி விளிம்புக்குள் நீருக்குப் பதில் ஒரு புரதம் வந்து அமர்ந்தால், ஒளிக்கு அது பாதை சற்றே நீண்டது போலாகும். எனவே பொருந்தும் அலைநீளமும் சற்றே நீளும். வரைபடத்தின் பள்ளம் இடம்பெயரும். ரவை ஏறிய தோலின் சுருதி இறங்குவதுபோல், புரதம் ஏறிய உருண்டையின் ஒளிச்சுருதியும் இறங்குகிறது. ஒப்புமை இவ்வளவே. தோலில் மாற்றத்தைச் செய்வது பளு. உருண்டையில் மாற்றத்தைச் செய்வது புரதம் ஒளியை மந்தப்படுத்தும் தன்மை.

அளவைச் சற்றுத் தோராயமாகக் கணக்கிடுவோம். உருண்டையின் பரப்பு முழுவதையும் 3 நானோமீட்டர் தடிப்புள்ள புரதப் படலம் போர்த்தியது எனக் கொள்க. உருண்டையின் ஆரம் 50,000 நானோமீட்டர். ஆகவே ஆரம் ஒரு லட்சத்தில் 6 பங்கு கூடியதாகும். அலைநீளமும் அதே விகிதத்தில் நீளும். இது மிகச் சிறிய மாற்றம். எனினும், தர எண் 1 கோடியாக உள்ள உருண்டையில் பள்ளத்தின் அகலம் ஒரு கோடியில் ஒரு பங்கே. பள்ளம் தன் அகலத்தைப்போல் 600 மடங்கு நகர்ந்துவிடுகிறது. கண்ணால் காணவியலாத படலத்தைக் கருவி ஐயத்துக்கு இடமின்றி உணர்கிறது.

இது வெறுங்கணக்கன்று. 2002-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் ஃபோல்மர், ஆர்னால்டு முதலியோர் மாட்டுக் குருதிப் புரதமாகிய ஆல்புமின் உருண்டையின்மீது படிவதை இம்முறையால் அளந்தனர். நிறத்துகள் ஏதும் இணைக்கப்படாத புரதம் தன் இயல்பான நிலையிலேயே உணரப்பட்டது. 2008-இல் அவர்களே இன்ஃபுளுயன்சா நச்சுயிரித் துகள்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுவதைப் பதிவு செய்தனர். வரைபடத்தின் கோடு வழுக்கிச் செல்லாமல் படிக்கட்டுபோல் ஏறியது. ஒரு படி என்பது ஒரு நச்சுயிரியின் வருகை.

5. உணர்தல் வேறு, இனங்காணல் வேறு

இங்கு நம் துறை சார்ந்த ஒரு செய்தியைக் கூற விரும்புகிறோம். தமிழ் அறியாத ஒருவரிடம் 'புலி' என்றும் 'புளி' என்றும் சொல்லிப் பாருங்கள். அவர் செவியில் இரண்டும் வெவ்வேறு அதிர்வுகளாகவே விழுகின்றன. செவிப்பறை எவர்க்கும் ஒன்றே. எனினும் அவர் இரண்டையும் ஒரே சொல்லாகக் கொள்வார். லகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் இட்டுவைக்கும் மொழியறிவு அவரிடம் இல்லை. நம் வகுப்பறைகளில் 'வால்', 'வாள்', 'வாழ்' எனும் மூன்றும் ஒன்றாகிவிடுவதைக் கண்டு வருந்தாத தமிழாசிரியர் இலர். அம்மாணவரின் செவியில் குறையில்லை. செவி உணர்கிறது, இனங்காண்பது செவியன்று.

கண்ணாடி உருண்டையும் அந்தச் செவி போன்றதே. ஒட்டியது நோயின் புரதமா, பாலின் புரதமா, கை கழுவிய சோப்பின் எச்சமா என அதற்குத் தெரியாது. எது ஒட்டினாலும் பள்ளம் நகரும். ஒரு நோயாளியின் குருதிநீரில் நாம் தேடும் புரதம் ஒரு மைக்ரோலிட்டருக்கு 600 மூலக்கூறுகளே உள்ளன எனக் கொள்வோம். அதே குருதிநீரில் ஆல்புமின் மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் உள்ளது. கணக்கிட்டால், தேடும் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 60,000 கோடி ஆல்புமின் மூலக்கூறுகள் சுற்றிலும் நிற்கின்றன. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது இதனோடு ஒப்பிட எளிய வேலை.

எனவேதான் உருண்டையின் பரப்பில் இனங்காணும் மூலக்கூறுகளை முன்கூட்டியே பதிக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் இறுகப் பற்றும் எதிர்ப்புரதம், அல்லது ஒரு குறிப்பிட்ட மரபிழைத் தொடரோடு மட்டும் இணையும் எதிர்த்தொடர் அவ்வாறு பதிக்கப்படுகிறது. எஞ்சிய இடங்களில் வேறெதுவும் ஒட்டாதவாறு பூச்சு ஒன்றும் பூசப்படுகிறது. ஒளியின் வேலை உணர்தல். வேதியியலின் வேலை இனங்காணல். இரண்டாவது தவறினால், முதலாவது எத்துணைக் கூர்மையாயினும் பயனில்லை. கூர்மை மிகுந்த செவி, தவறான சொல்லையும் தெளிவாகவே கேட்கும்.

மொழியியலார் ஓரொலி வேறுபட்டுப் பொருள் மாறும் 'புலி–புளி' போன்ற இணைகளைக் குறைவேற்றுமை இணைகள் என்பர். மரபிழையிலும் இத்தகைய இணைகள் உள்ளன. 2003-இல் மேற்கூறிய குழுவினர் இரண்டு உருண்டைகளை ஒரே இழையின்மீது அமைத்தனர். ஒன்றில் தேடும் தொடருக்குச் சரியாகப் பொருந்தும் மரபிழைத் துண்டு. மற்றொன்றில் ஒரேயோர் எழுத்து மாறிய துண்டு. பதினோர் எழுத்துகளே கொண்ட தொடர் கரைசலில் கலக்கப்பட்டபோது, இரண்டு உருண்டைகளின் நகர்வும் தெளிவாக வேறுபட்டன. ஓரெழுத்துப் பிழையை அக்கருவி பிரித்துக் காட்டியது. இதைப் படித்தபோது, ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துணரும் மாணவரைக் கண்ட மகிழ்ச்சியே நமக்கு உண்டாயிற்று.

6. உறுதிசெய்தலின் அருமை

மூன்றாம் செயல் எஞ்சியுள்ளது. நகர்வைச் செய்தது மூலக்கூறுதானா? கண்ணாடி வெப்பத்துக்கு மிக எளிதில் இணங்குவது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால், சிலிக்கா உருண்டையின் பொருந்து அலைநீளம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 7 பங்கு நீளும். முன்னர்க் கண்ட முழுப் புரதப் படலம் செய்த மாற்றம் அதே கணக்கில் 60 பங்கு. ஆகவே ஒரு பாகை வெப்பம், பரப்பில் பத்திலொரு பங்குக்கும் மேல் புரதம் போர்த்தியது போன்ற தோற்றத்தைத் தந்துவிடும். அறையில் குளிர்சாதனம் ஒருமுறை நின்று ஓடினாலும் கருவி 'ஏதோ வந்தது' என்று அறிவிக்கக்கூடும். இரண்டு உருண்டைகளை அருகருகே வைப்பதன் நன்மை இங்கும் வெளிப்படுகிறது. வெப்பம் இரண்டையும் ஒருசேர நகர்த்தும். தேடும் மூலக்கூறு ஒன்றை மட்டுமே நகர்த்தும். இரண்டின் வேறுபாட்டை எடுத்தால் வெப்பத்தின் பங்கு பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஒற்றை மூலக்கூறு என்னும் கூற்றை இப்போது எடைபோட்டுப் பார்க்கலாம். நம் உருண்டையின் பரப்பு ஏறத்தாழ 31,400 சதுர மைக்ரோமீட்டர். ஒரு புரதம் 40 சதுர நானோமீட்டர் இடம் கொள்ளும் என்றால், படலம் முழுமை பெற 78 கோடி மூலக்கூறுகள் வேண்டும். அத்தனையும் சேர்ந்து பள்ளத்தை 600 அகலங்கள் நகர்த்தின. ஒன்றின் பங்கு, ஓர் அகலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒளி செறிந்து ஓடும் நடுப்பட்டையில் ஒட்டிய மூலக்கூறுக்கு இப்பங்கு பல மடங்கு கூடலாம். ஆயினும் வெப்பநிலையில் ஆயிரத்தில் ஒரு பாகை மாறினாலே, பல்லாயிரம் மூலக்கூறுகள் வந்தது போன்ற நகர்வு உண்டாகிவிடும். நச்சுயிரியை ஒவ்வொன்றாக எண்ண முடிந்ததன் காரணம், அது ஒரு புரதத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது என்பதே.

2007-இல் கண்ணாடி வளையத்தைக் கொண்டு ஒற்றைப் புரத மூலக்கூறுகளை உணர்ந்ததாக ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஒட்டிய மூலக்கூறு ஒளியை உறிஞ்சிச் சூடேறுவதால், நகர்வு பெரிதாகிறது என்று அதில் விளக்கம் தரப்பட்டது. 2010-இல் வேறொரு குழுவினர் கணக்கிட்டு, அவ்வெப்ப விளைவு பதிவான நகர்வைத் தரப் போதாது, பன்மடங்கு குறைவு என்று எழுதினர். இதனை அறிவியலின் தோல்வி என்று மாணவர் கருதலாகாது. ஒருவர் கூற்றை மற்றொருவர் கணக்கிட்டுச் சோதிப்பதே அறிவியலின் வழக்கம். புனித பவுல் மாடத்தின் பழைய விளக்கத்தை ரேலி சோதித்ததும் அவ்வாறே. செய்தித்தாளில் வரும் தலைப்பு முதல் அறிக்கையோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

வழி பின்னர் வேறு வகையில் பிறந்தது. 2014-இல் செருமனியின் எர்லாங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார், உருண்டையின்மீது சில பத்து நானோமீட்டர் நீளமே உள்ள பொற்கம்பிகளைப் பதித்தனர். பொற்கம்பியின் நுனியில் ஒளி மிகச் சிறிய இடத்தில் செறிகிறது. அந்நுனியில் வந்து இணையும் ஒற்றை மரபிழைத் துண்டு உண்டாக்கும் நகர்வு, அளக்கக்கூடிய அளவுக்குப் பெருகிவிட்டது. குறுகிய மரபிழைத் துண்டுகள் ஒவ்வொன்றாக இணைவதையும் பிரிவதையும் அவர்கள் பதிவு செய்தனர்.

இத்தனைக்குப் பின்னும் ஒரு தடை உண்டு. மூலக்கூறு உருண்டையைத் தேடி வர வேண்டும். மிகச் சில மூலக்கூறுகளே கரைந்துள்ள நீரில், அவற்றுள் ஒன்று தற்செயலாக அலைந்து அச்சிறு பரப்பை அடைய நெடுநேரம் ஆகும். கருவியின் கூர்மை வேறு, சோதனையின் விரைவு வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உறுதி கூறவியலாது.

7. சொல்லும் பொருளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் 'நுண்குழி உணரி' என்னும் தொடரைக் கொடுத்து, அதனைப் படமாக வரையுமாறு கேட்டோம். பெரும்பாலோர் ஒரு சிறு பள்ளத்தை வரைந்து, அதற்குள் சில புள்ளிகளை இட்டனர். ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை மட்டும் எடுத்து 'குழி' என்று மொழிபெயர்த்ததன் விளைவு அது. நாம் கண்ட உருண்டையில் குழியே இல்லை. அது திண்மையான கண்ணாடி. ஒளி அடைபட்டுச் சுழலும் இடம் என்பதே அங்குப் பொருள். முணுமுணுப்பு மாடத்திலிருந்து கிளைத்த கருவி என்பதால், 'நுண் ஒளிமாடம்' என்னும் சொல் வரலாற்றையும் வடிவத்தையும் ஒருங்கே காட்டும் எனக் கருதினோம். விளக்கு மாடம் நினைவுக்கு வந்து குழப்பும் என்று ஒருவர் கூறினால், அதுவும் ஏற்கத்தக்க மறுப்பே. இதனினும் நல்ல சொல்லை மாணவர் எவரேனும் ஆக்கித் தந்தால் மகிழ்வோம்.

'ஒத்ததிர்வு' என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கூறுவதை, இலங்கைப் பாடநூல்கள் 'பரிவு' என்கின்றன. முதற்சொல் நிகழ்வதை விளக்குகிறது. இரண்டாவதோ, ஒருவர் துயருக்கு மற்றவர் நெஞ்சம் அசைவதுபோல் ஓர் அதிர்வுக்கு மற்றொன்று இசைந்து அசைவதை உணர்த்துகிறது. இரண்டும் நம் சொற்களே. சிங்கப்பூரில் அறிவியல் ஆங்கிலவழி கற்பிக்கப்படுவதால், நம் மாணவர் இவ்விரண்டையும் தமிழ் வாசிப்புப் பகுதிகளில்தான் சந்திப்பர். ஒன்றைக் கண்டு மற்றொன்றைப் பிழையெனத் திருத்தாதிருப்பது ஆசிரியர் கடமை.

'உணரி' என்னும் சொல் நன்கு அமைந்தது. கடத்து என்பதிலிருந்து கடத்தி, மாற்று என்பதிலிருந்து மாற்றி வந்ததுபோல் உணர் என்பதிலிருந்து உணரி வந்தது. அது தன் எல்லையையும் தானே கூறிவிடுகிறது. உணரி உணரும், அவ்வளவே. இனங்காணல் பதிக்கப்பட்ட எதிர்ப்புரதத்தின் வேலை. உறுதிசெய்தல் ஆய்வாளரின் வேலை. 'கண்டுபிடிக்கும்' என்று எழுதும்போது இம்மூவரின் வேலையையும் ஒரு கண்ணாடித் துளியின் தலைமேல் ஏற்றிவிடுகிறோம்.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர் பயன்கருதி எளிய பயிற்சி ஒன்றைக் கூறுவோம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைத்துக் கரண்டியால் மெல்லத் தட்டுக. இரண்டின் ஒலியும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கும். மாணவரைக் கண்மூடச் செய்து, ஒரு குவளையில் நீர் ஊற்றி மீண்டும் தட்டுக. ஒலி தாழ்ந்ததை அனைவரும் கூறுவர். 'என்ன ஊற்றினேன்?' என்று கேளுங்கள். நீர் என்பார் சிலர். பால் என்பார் சிலர். ஒலியைக் கொண்டு மட்டும் விடை கூற இயலாது என்பதை அவர்களே உணர்வர்.

பின்னர் மூன்று வாக்கியங்களை எழுதச் செய்யலாம். குவளை எதை உணர்த்தியது? வந்தது எதுவென எவ்வாறு இனங்கண்டோம்? வேறு காரணம் இல்லை என எவ்வாறு உறுதி செய்தோம்? நீர் ஊற்றாத இரண்டாவது குவளை எதற்காக இருந்தது என்பதையும் கேட்கலாம். அறிவியலும் வாக்கிய அமைப்பும் ஒருங்கே பயிலப்படும்.

9. நிறைவாக

நுண் ஒளிமாட உணரிகளின் உறவினராகிய சிலிக்கன் வளைய உணரிகள், புரதங்களை அளக்கும் கருவிகளாக விற்பனைக்கும் வந்துள்ளன. வருங்காலத்தில் ஒரு துளிக் குருதியிலிருந்து பல நோய்களை முன்கூட்டியே அறிவிக்கும் பெட்டிகள் வந்து நம் வீட்டு மேசைமேல் அமரலாம். அன்று அப்பெட்டி தரும் விடையை வீட்டிலுள்ள முதியவருக்குத் தமிழில் விளக்க வேண்டியவர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவராக இருப்பார்.

'பாட்டி, உங்களுக்கு இந்நோய் இருக்கிறது என்று கருவி கண்டுபிடித்துவிட்டது' என்று அவர் கூறுவாரா? அல்லது, 'பாட்டி, கருவி ஏதோ ஒன்றை உணர்ந்திருக்கிறது. அது இந்நோயின் அடையாளமாக இருக்கலாம். மருத்துவர் மீண்டும் சோதித்து உறுதி செய்வார்' என்று கூறுவாரா? இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு முதியவரின் அன்றிரவுத் தூக்கம். அவ்வேறுபாட்டைச் சொல்லும் வினைச்சொற்கள் தமிழில் முன்பே உள்ளன. உரிய இடத்தில் உரிய சொல்லை எடுத்தாளும் பழக்கத்தை மாணவர்க்குத் தருவதே நாம் செய்ய வேண்டியது.